பெரிய கம்பெனி ஈஎஸ்ஜி கேள்வித்தாள் அனுப்பினால், சிறு யூனிட்டுக்கு எந்த அரசு மானியம் எதற்கு உதவும்?

லேத்துமேடை
விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோவையில் வாகன உதிரிபாகம் கடையும் யூனிட். 42 பேர், விற்றுமுதல் 6 கோடி. நிலம், கட்டடம் நீங்கலாக இயந்திர முதலீடு, வருமானவரிக் கணக்குப்படி தேய்மானம் போக 1.8 கோடி. சரக்கு எடுக்கும் பட்டியலிட்ட நிறுவனத்திடமிருந்து எக்செல்லில் ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) கேள்வித்தாள் வந்திருக்கிறது. கார்பன் உமிழ்வு, தண்ணீர், கழிவு, விபத்து விகிதம், பாலியல் புகார்க் குழு, லஞ்ச எதிர்ப்புக் கொள்கை என்று எல்லாம் கேட்கிறார்கள். ஒரு ஆலோசகர் அறிக்கை தயாரிக்க 2.5 லட்சம் கேட்கிறார், "அரசு மானியம் வாங்கித் தருகிறேன்" என்றும் சொல்கிறார். மூன்று கேள்விகள். இது சட்டப்படி கட்டாயமா? அந்த 2.5 லட்சத்துக்கு மானியம் உண்டா? இல்லையென்றால் எதற்குத்தான் உண்டு?

கணக்குப்பிள்ளை
முதல் கேள்விக்குப் பதில்: உங்கள் யூனிட்டுக்கு நேரடிச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. பிஆர்எஸ்ஆர் என்ற ஈஎஸ்ஜி ஆண்டறிக்கையைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021 மே மாதம் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயம். 2023 ஜூலையில் அதன் முக்கிய அளவீடுகளை மட்டும் தொகுத்த பிஆர்எஸ்ஆர் கோர் வந்தபோதுதான் சப்ளையர் விவரங்களும் உள்ளே வந்தன. அதுவும் முதல் 250 நிறுவனங்களுக்கு மட்டும். 2025 மார்ச் சுற்றறிக்கையில் அந்த சப்ளையர் பகுதியையும் ஒரு வருடம் தள்ளி, விருப்பத்தின் பேரில் செய்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வாங்கும் நிறுவனத்தின் மொத்தக் கொள்முதலில் தனியாக 2 சதவீதமோ அதற்கு மேலோ தரும் சப்ளையர் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார். அதிலும் மொத்தம் 75 சதவீதம் எட்டினால் நிறுத்திக்கொள்ளலாம். 6 கோடி விற்றுமுதல் உள்ள யூனிட் முதல் 250 நிறுவனம் ஒன்றின் கொள்முதலில் 2 சதவீதம் ஆக வாய்ப்பே இல்லை.

அதற்காகக் கேள்வித்தாளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கொள்முதல் ஒப்பந்தத்தில் அவர்கள் இதை நிபந்தனையாக வைக்க முடியும். 2 சதவீத விதியைத் தெரிந்துகொண்டால் பேரம் பேச இடம் கிடைக்கும். "64 கேள்விக்கும் தணிக்கை செய்த எண் தர முடியாது, இந்த 15 கேள்விக்கு பில்லோடு தருகிறோம், மற்றது அடுத்த வருடம்" என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். பொய் எண்ணை விட வெற்றுக் கட்டம் மேல் என்பது அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

இரண்டாவது கேள்வி: அறிக்கை எழுதும் ஆலோசகர் கூலிக்கு என்று நேரடி மானியம் கிடையாது. அளவிடுவதற்கும், சான்றிதழுக்கும், இயந்திரம் மாற்றுவதற்கும் மானியம் உண்டு. அந்த வழியில் போனால் அறிக்கைக்குத் தேவையான எண்களில் முக்கால்வாசி தானாக வந்துவிடும்.

படிவம்_நாலு
சான்றிதழ் பக்கத்தை நான் சொல்கிறேன். மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் ஜெட் திட்டம். குறை இல்லாத பொருள், சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லாத உற்பத்தி என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். 2022 ஏப்ரலில் புது வடிவத்தில் தொடங்கியது. சான்றிதழ்க் கட்டணம் வெண்கலம் 10,000, வெள்ளி 40,000, தங்கம் 90,000 ரூபாய். மானியம் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம். பெண்கள் உரிமையாளராக உள்ள யூனிட்டுக்குக் கட்டணம் முழுவதும் மானியம்.

இங்கே உங்கள் எண்ணைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1-க்கு முன் குறு நிறுவனம் என்றால் முதலீடு 1 கோடி, விற்றுமுதல் 5 கோடி வரை. அந்தக் கணக்கில் நீங்கள் சிறு நிறுவனம். இப்போது வரம்பு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. ஆக நீங்கள் குறு நிறுவனம். வெள்ளிக்கு 16,000 கட்ட வேண்டிய இடத்தில் 8,000 கட்டினால் போதும். விண்ணப்பிக்கும் முன் உத்யம் சான்றிதழை (எம்எஸ்எம்இ பதிவுச் சான்றிதழ்) புதிதாக இறக்கி, அதில் "மைக்ரோ" என்று இருக்கிறதா பாருங்கள். பழைய வகைப்பாட்டிலேயே நின்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

உத்யமில் அடிக்கடி மாட்டும் இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, பதிவு செய்த ஏஜென்ட் தன் செல்போன் எண்ணையே போட்டிருப்பார். ஜெட் போர்ட்டலில் உள்ளே போக ஓடிபி அவருக்குப் போகும், நீங்கள் அவர் பின்னால் அலைய வேண்டும். இரண்டு, என்ஐசி என்ற தொழில்வகைக் குறியீடு "வியாபாரம்" அல்லது "சேவை" என்று பதிவாகியிருக்கும். ஜெட் உற்பத்தி யூனிட்டுக்கானது. உற்பத்திக் குறியீடு சேர்த்த பிறகுதான் நகரும். இரண்டு ஷெட் இரண்டு முகவரியில் இருந்தால் சான்றிதழும் தனித்தனி.

நூல்கண்டு
வெண்கலம் எடுத்துக் கொடுத்தால் வாங்குபவர் திருப்தி ஆகிவிடுவாரா? உறுதிமொழி எடுத்தால் 10,000 ரூபாய் ஜாயினிங் ரிவார்டு வருகிறது, வெண்கலம் இலவசம் என்று எங்கள் ஊர் சங்கத்தில் எல்லோரையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

படிவம்_நாலு
இலவசம்தான், எடுங்கள். ஆனால் அது ஈஎஸ்ஜி கேள்விக்குப் பதில் ஆகாது. வெண்கலத்தில் ஐந்தே அளவுகோல்: தலைமை, சுத்தமான பணியிடம், பணியிடப் பாதுகாப்பு, உரிய நேரத்தில் டெலிவரி, தர மேலாண்மை. ஆற்றல் மேலாண்மையும் சுற்றுச்சூழல் மேலாண்மையும் வெள்ளியில்தான் தொடங்குகின்றன, அங்கே மொத்தம் 14 அளவுகோல். சப்ளை செயின், இடர் மேலாண்மை, இயற்கை வளப் பாதுகாப்பு, சமூகப் பொறுப்பு எல்லாம் 20 அளவுகோல் கொண்ட தங்கத்தில்.

கேள்வித்தாளுக்காகச் செய்கிறீர்கள் என்றால் வெள்ளியைக் குறிவையுங்கள். வெண்கலம் முடித்துத்தான் வெள்ளி என்ற கட்டாயம் இல்லை, நேரடியாக விண்ணப்பிக்கலாம். வெண்கலத்துக்கு ஆவணமும் புகைப்படமும் ஏற்றினால் வேலை நடக்கும். வெள்ளிக்கு மதிப்பீட்டாளர் நேரில் வருவார். அங்கே விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கொள்கை அச்சடித்துச் சுவரில் இருக்கும், பதிவேடு இருக்காது. பராமரிப்பு அட்டவணை இருக்கும், ஆனால் செய்த தேதி, செய்தவர் கையெழுத்து இல்லை. மைக்ரோமீட்டர், வெர்னியர் அளவுத்திருத்தச் சான்று காலாவதி ஆகியிருக்கும். மூன்று மாதப் பதிவேடாவது உண்மையாக எழுதிய பிறகு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும்.

கணக்குப்பிள்ளை
வெண்கலத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பாதுகாப்புப் பதிவேடும் டெலிவரி அளவீடும் இல்லாத யூனிட்டுகள் ஏராளம். அவர்களுக்கு அதுவே முதல் படி.

படிவம்_நாலு
முதல் படியாக எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. "வெண்கலம் எடுத்தாச்சு, ஈஎஸ்ஜி முடிஞ்சுது" என்று ஏஜென்ட்டுகள் விற்பதைத்தான் சொல்கிறேன். நம்பி ஏமாறுகிறவர்கள் சிறு யூனிட்டுக்காரர்கள்தான்.

மீட்டர்_ரீடிங்
எண்கள் எங்கிருந்து வரும் என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு யூனிட்டுக்கு மிகப் பயனுள்ள மானியம் மாநில அரசின் பீஸ் திட்டம். ஆற்றல் தணிக்கைச் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 1 லட்சம் திரும்பக் கிடைக்கும். தணிக்கையில் பரிந்துரைத்த இயந்திரத்தை மாற்றினால் அதன் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். மாவட்டத் தொழில் மையம் வழியாக.

இதில் கெட்டுப்போகும் இடம் வரிசை. பழைய ஏர் கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டு, புதிது வாங்கி மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு தணிக்கையாளரைக் கூப்பிடுவார்கள். "முன்பு எவ்வளவு தின்றது" என்ற அளவீடே இருக்காது. மானியமும் போச்சு, அறிக்கையில் காட்ட வேண்டிய சேமிப்பு எண்ணும் போச்சு. முதலில் பிஇஇ (மத்திய அரசின் ஆற்றல் சிக்கன அமைப்பு) சான்று பெற்ற தணிக்கையாளரின் அறிக்கை, அதில் அந்த இயந்திரத்தின் பெயரும் பரிந்துரையும், பிறகு தொழில் மையத்தில் ஒரு வார்த்தை, அதற்கப்புறம் ஆர்டர். பில், பணம் கட்டிய வங்கி ஆதாரம், மாட்டிய பின் எடுத்த அளவீடு மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

கணக்கு போடும் முறை இதோ. 12 மாத மின்கட்டண பில்லை எடுங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. இருமாத பில்லில் ஒரு பில் மார்ச்-ஏப்ரலில் விழுந்தால் நாள் கணக்கில் பிரியுங்கள். சிடி மீட்டர் உள்ள இணைப்பில் ரீடிங் வித்தியாசத்தைப் பெருக்கக் காரணியால் பெருக்கியதுதான் யூனிட். அதை விட்டுவிட்டு வெறும் வித்தியாசத்தை எழுதி, உமிழ்வு நாற்பதில் ஒரு பங்காகத் தெரியும் கேள்வித்தாள்கள் உண்டு.

வருடத்துக்கு 1,20,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-24 உமிழ்வுக் காரணி யூனிட்டுக்கு 0.727 கிலோ. பெருக்கினால் 87.24 டன். இது ஸ்கோப் 2, அதாவது வாங்கிய மின்சாரத்தால் வரும் உமிழ்வு. ஜெனரேட்டருக்கு டீசல் 2,400 லிட்டர் என்றால் லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 6.43 டன். இது ஸ்கோப் 1, அதாவது உங்கள் இடத்திலிருந்தே நேரடியாக வரும் உமிழ்வு. மொத்தம் 93.67 டன். 6 கோடிக்கு வகுத்தால் கோடிக்கு 15.6 டன். எந்த வருடக் காரணி என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள், அடுத்த வருடம் வேறு காரணி வந்து எண் நகரும்போது பதில் சொல்ல வசதி.

ஆற்றலை ஜூலில் கேட்பார்கள். யூனிட்டை 3.6-ஆல் பெருக்கினால் மெகாஜூல். 1,20,000 யூனிட் 432 கிகாஜூல். டீசல் லிட்டருக்குச் சுமார் 36 மெகாஜூல், ஆக 86 கிகாஜூல்.

ஏசி வாயுவை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆர்-410ஏ வாயுவின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 2,100 மடங்கு. வருடத்தில் 2 கிலோ ரீஃபில் செய்தால் 4 டன்னுக்கு மேல் ஆகிவிடும், மேலே சொன்ன டீசலில் பாதிக்கு மேல். ஏசி மெக்கானிக் பில்லில் "கேஸ் டாப்அப்" என்று மட்டும் எழுதுவார். எந்த வாயு, எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள்.

லேத்துமேடை
நன்றிங்க, இது தெளிவு. ஒரு சந்தேகம். குரூப் கேப்டிவ் (பல யூனிட்டுகள் சேர்ந்து சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும்) காற்றாலையில் பங்கு இருக்கிறது. மின்வாரிய பில்லில் காற்றாலை யூனிட்டைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம். எந்த எண்ணை எடுப்பது?

மீட்டர்_ரீடிங்
மீட்டர் பதிவு செய்த மொத்த யூனிட்டை எடுங்கள். கழித்த எண்ணை மட்டும் எழுதினால் ஆற்றல் பயன்பாடே குறைந்ததுபோல் ஆகிவிடும், அது தவறு. ஆற்றல் அட்டவணையில் புதுப்பிக்கத்தக்கது, மற்றது என்று இரண்டு வரி இருக்கும். பில்லில் காட்டிய காற்றாலை ஒதுக்கீட்டு யூனிட்டை முதல் வரியிலும் மீதியை இரண்டாவதிலும் போடுங்கள்.

உமிழ்வில் இரண்டு கணக்கு உண்டு. இடம் சார்ந்த கணக்கில் மொத்த யூனிட்டுக்கும் 0.727 போட வேண்டும். சந்தை சார்ந்த கணக்கில் காற்றாலை யூனிட்டுக்குப் பூஜ்யம். இரண்டையும் கொடுத்து, எது எது என்று பெயர் எழுதிவிடுங்கள். அந்தக் காற்றாலைக்கு ஆர்இசி என்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் தனியாக விற்கப்பட்டிருந்தால் பூஜ்யம் போடும் உரிமை வாங்கியவருக்குப் போய்விட்டது. இதைக் காற்றாலைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். கூரைச் சோலாருக்கு உற்பத்தி மீட்டர் ரீடிங் தனியாக வேண்டும், பில்லில் தெரிவது வெளியே போனதும் உள்ளே வந்ததும் மட்டுமே.

நூல்கண்டு
திருப்பூர்ப் பக்கம் இதே கேள்வி ஐரோப்பாவிலிருந்து வருகிறது. சாயப்பட்டறை பாய்லர் விறகில் ஓடுகிறது. விறகுக்கு உமிழ்வு பூஜ்யம் என்று எழுதலாமா?

மீட்டர்_ரீடிங்
பூஜ்யம் என்று எழுதக்கூடாது. விறகு எரிவதால் வரும் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப்புகளுக்கு வெளியே, உயிரிமூல உமிழ்வு என்று தனியாகக் காட்ட வேண்டும். அதோடு வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-இல் சேரும். எடைமேடைச் சீட்டுப்படி எத்தனை டன் விறகு என்பதே அடிப்படை. ஈர விறகா காய்ந்ததா என்பதையும் குறித்துவையுங்கள், எரிதிறன் நிறைய மாறும்.

படிவம்_நாலு
நூல்கண்டு, ஐரோப்பிய வாங்குபவர் ஆளுக்கொரு கேள்வித்தாள் அனுப்பினால் விஎஸ்எம்இ என்ற வடிவத்தில் ஒரே அறிக்கை தயார் செய்து எல்லோருக்கும் அதையே கொடுக்கப் பாருங்கள். சிறு நிறுவனங்களுக்காக 2024 டிசம்பரில் வெளியான விருப்பத் தரநிலை. ஐரோப்பிய ஆணையமும் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. அடிப்படைப் பகுதியில் 11 தலைப்புகள்தான்.

கோவை, ஓசூர்ப் பக்கம் போல்ட், நட்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் இதோடு நிறுத்திவிட முடியாது. சுங்கக் குறியீடு 7318-இல் வருவதால் சிபிஏஎம் எல்லைக் கார்பன் விதி பிடிக்கும். அங்கே நிறுவனம் முழுவதற்குமான எண் போதாது, ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்று கேட்பார்கள். மூல எஃகு தந்த ஆலையின் எண்ணும் வேண்டும்.

கழிவுக் கேள்விக்கு ஆலோசகர் தேவையே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையில் தண்ணீர் அளவும் கழிவு வகையும் இருக்கின்றன. அபாயகரக் கழிவு அனுமதி உள்ளவர்கள் ஜூன் 30-க்குள் படிவம் 4 ஆண்டறிக்கை கொடுத்திருக்க வேண்டும். அதே எண்ணைத்தான் கேள்வித்தாளிலும் எழுத வேண்டும். பழைய ஆயில் 5.1, கழிவுநீர் சுத்திகரிப்புச் சகதி 35.3 என்று வகை எண்ணோடு எழுதுங்கள். வாரியத்துக்கு ஒரு எண், வாங்குபவருக்கு ஒரு எண் கொடுத்துச் சரிபார்ப்பில் அகப்படுவதுதான் இந்த வேலையில் மிக மோசமான விபத்து. எந்த மானியமும் அதிலிருந்து காப்பாற்றாது. போர்வெல்லுக்கும் லாரித் தண்ணீருக்கும் தனித்தனி மீட்டரோ பதிவேடோ இன்றே தொடங்குங்கள், போன வருடத்து அளவை யாரும் திரும்பி அளக்க முடியாது.

கணக்குப்பிள்ளை
நிர்வாகப் பகுதிக்கு வருகிறேன். இதற்கு மானியம் எதுவும் வேண்டாம், செலவும் அதிகம் இல்லை, ஆனால் இதில்தான் அதிக வெற்றுக் கட்டம் கிடக்கிறது.

10 பேரும் அதற்கு மேலும் உள்ள எந்த இடத்திலும் பாலியல் புகாருக்கான உள்ளகக் குழு 2013 சட்டப்படி கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். யூனிட்டில் பெண்களே இரண்டு பேர்தான் என்றாலும் விதி அதுதான். "புகார் இல்லை" என்பதைக்கூட ஆண்டறிக்கையாகக் கொடுக்க வேண்டும்.

விபத்து விகிதம் பத்து லட்சம் வேலை மணிக்கு இத்தனை என்று கணக்கு. 42 பேர், 300 நாள், 8 மணி என்றால் 1,00,800 மணி. ஒரே ஒரு விபத்தில் ஒருவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்றாலும் விகிதம் 9.9 என்று வந்து நிற்கும். பெரிய ஆலையின் 0.3-க்குப் பக்கத்தில் பயங்கரமாகத் தெரியும். மறைக்காதீர்கள். எண்ணோடு மொத்த மணியையும் "விபத்து 1" என்பதையும் எழுதி, என்ன தடுப்பு போட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஓவர்டைம் மணியும் ஒப்பந்தத் தொழிலாளர் மணியும் கூட்டலில் வர வேண்டும்.

இன்னொரு விஷயம், இதைச் சிறு யூனிட்டுகள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். பிஆர்எஸ்ஆர் கோரில் வாங்குபவர் தன் சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் தருகிறார் என்பதையும், குறு சிறு நிறுவனங்களிடம் எத்தனை சதவீதம் வாங்குகிறார் என்பதையும் எழுத வேண்டும். குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். தாமதமாகத் தந்த தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்கவிடாமல், வருமானவரியில் 43பி(எச்) பிரிவும் 2023-24 முதல் இதைக் கட்டிப்போட்டது. கேள்வித்தாளைத் திருப்பி அனுப்பும்போது உங்கள் உத்யம் எண்ணையும், நிலுவை பில் பட்டியலையும் மரியாதையாக இணைத்து அனுப்புங்கள். அவர்கள் அறிக்கைக்கும் அந்த விவரம் தேவைப்படுகிறது.

வரும் மானியத்தைக் கணக்கில் எழுதும் முறை: கணக்கியல் தரநிலை 12. தணிக்கைச் செலவுக்கு வந்த தொகை வருமானத்தில் போகும். இயந்திரத்துக்கு வந்த 25 சதவீதத்தை இயந்திர விலையில் கழித்துவிட்டு மீதிக்குத்தான் தேய்மானம். முழு விலைக்குத் தேய்மானம் போட்டு நோட்டீஸ் வாங்குகிறவர்கள் உண்டு.

லேத்துமேடை
வரிசையாகச் செய்வதென்றால் எதில் தொடங்கலாம்? ஆலோசகருக்கு என்ன பதில் சொல்வது?

மீட்டர்_ரீடிங்
இந்த வாரம் உத்யம் சான்றிதழைச் சரிபார்த்து, செல்போன் எண்ணை உங்களுடையதாக மாற்றுங்கள். அதோடு 12 மாத மின் பில், டீசல் பில், ஏசி பில்லை ஒரு கோப்பில் சேருங்கள். அடுத்து ஆற்றல் தணிக்கை. கம்ப்ரஸர் லோடு-அன்லோடு நேரம் (காற்றை அழுத்தும் நேரம், சும்மா ஓடும் நேரம்), காற்றுக் கசிவு, மோட்டார் லோடு மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். கடைசல் யூனிட்டில் பணம் கசிவது பெரும்பாலும் காற்றுக் குழாயில்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டினால் கசிவு எத்தனை சதவீதம் என்று லோடு நேரமே சொல்லிவிடும். 60 நிமிடத்தில் 18 நிமிடம் லோடில் ஓடினால் கம்ப்ரஸர் திறனில் 30 சதவீதம் கசிவு.

பதிவேடு மூன்று மாதம் ஓடிய பிறகு ஜெட் வெள்ளி. இயந்திரம் மாற்றக் கடன் தேவைப்பட்டால் ஆற்றல் சிக்கன அமைப்பின் அடீட்டி திட்டத்தில் குறு, சிறு யூனிட்டுக்கு 5 சதவீத வட்டி மானியம், நடுத்தரத்துக்கு 3. சில துறைகளுக்கும் தொழில் தொகுப்புகளுக்கும் மட்டும் என்பதால் உங்கள் துறை பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படிவம்_நாலு
ஆலோசகரிடம், மொத்தமாக 2.5 லட்சம் என்றில்லாமல், பிரித்து விலை கேளுங்கள்: தரவுத் தாள் அமைத்துத் தருவது, வெள்ளிக்கான பதிவேடு பயிற்சி, கேள்வித்தாளை ஒருமுறை சரிபார்ப்பது. "மானியத்தில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று பேசுபவரோடு ஒப்பந்தம் போடாதீர்கள். மானியம் அதிகமாக வர வேண்டும் என்று பில்லை ஏற்றிக் காட்டச் சொல்வார், கையெழுத்து உங்களுடையது. ஐஎஸ்ஓ 14001 எடுக்கச் சொன்னால் மாநிலத்தின் கியூ-செர்ட் திட்டத்தில் சான்றிதழ்ச் செலவு உச்சவரம்புக்குள் திரும்பக் கிடைக்கும். ஆனால் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய சான்றிதழைத் தொழில் மையமும் ஏற்காது, வாங்குபவரும் ஏற்கமாட்டார்.

லேத்துமேடை
ஞாயிறு கம்ப்ரஸர் சோதனையை முதலில் செய்துவிடுகிறேன். லோடு நேரம் குறித்து இங்கேயே போடுகிறேன், தணிக்கைக்கு முன் கசிவை அடைத்துவிடலாமா என்று சொல்லுங்கள்.

மீட்டர்_ரீடிங்
அடைக்காதீர்கள். சோதனை செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுத்து வையுங்கள். தணிக்கையாளர் வந்து தானும் அளந்து அறிக்கையில் எழுதிய மறுநாள் அடையுங்கள். ஒரு வாரம் தாமதத்தால் போகும் கரண்ட் சில ஆயிரம். அடிப்படை அளவீடு போனால் சேமிப்பை எந்தக் கேள்வித்தாளிலும் நிரூபிக்க முடியாது.